தேர் எது, சைக்கிள் எது?

பிரேம் ஓரிடம், ரிம் ஓரிடம், ஹேண்டில் வேறோரிடம் என வாங்கிச் சேர்த்துச் சைக்கிள் கட்டுபவர் மிகப் பழைய கேள்வியொன்றில் கை வைக்கிறார். இவற்றில் சைக்கிள் எது?

இலங்கையின் மாத்தளைக்கு இக்கேள்வி புதிதல்ல. கி.மு. முதலாம் நூற்றாண்டில் இங்குள்ள அலுவிகாரையில்தான் திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. அதன் சம்யுத்த நிகாயத்தில் வஜிரா என்ற பிக்குணி, உறுப்புகள் கூடும்போது தேர் என்ற பெயர் வருகிறது, உயிர் என்பதும் அவ்வாறே என்கிறார். பின்னாளில் மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்ற பிக்குவும் தேரைக் காட்டியே வாதிட்டார்.

ஆனால் குவியல் வண்டியாகாது. 622 மில்லிமீட்டர் ரிம்முக்கு 622 டயர்தான் பொருந்தும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. வலதுபக்கத்தைப் போல் வலிந்து முறுக்கினால் கிராங்கின் மரை அழிந்துவிடும். பெயர் நாம் வைத்தது. பொருத்தம் அப்படியல்ல, அது மெய்.

சைவ சித்தாந்தம் இன்னும் ஒரு படி போகிறது: உடலும் கருவிகளும் சடம், அவற்றைக் கொண்டு இயங்கும் ஆன்மா வேறு.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் பழைய தேர் 1983 இனக்கலவரத்தில் எரிக்கப்பட்டது. கோயில் மீண்டெழுந்தது, மாசி மகத்தில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருகின்றன. வடம் பிடிப்பவரிடம் மரத்தின் வயதைக் கேட்பது வீண். அம்மன் ஏறியிருப்பதால் அது அம்மன் தேர்.