இருபது டன்னைத் தாங்கும் மென்மை

பெரும்பாறையில் பிறந்த தம்பியே, தங்கையே! மலைப்பாதை வளைவுகளில் குலுங்கிக் குலுங்கிச் சித்தரேவுக்கு இறங்கி, அங்கிருந்து ஏதோ ஒரு நகரத்து நேர்காணல் அறைக்குள் நுழைந்ததும் உன் குரல் ஏன் தொண்டையிலேயே அமுங்கிப்போகிறது? காப்பித் தோட்டத்துச் சரிவில் பனிமூட்டத்துக்குள் மறைந்து நிற்கும் அம்மாவைக் கூவி அழைத்த அதே குரல்தானே அது? "சத்தமாகப் பேசத் தெரியாதவன் எப்படி முன்னுக்கு வருவான்" என்று என்னையும் ஒரு வகுப்பறையில் எழுப்பி நிறுத்திக் கேட்டார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. அந்தப் பதிலின் பெயர் பியானோ.

அந்தச் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் என்ன பொருள் தெரியுமா? 'மெல்ல'. இசைக்குறிப்புத் தாளில் சுரங்களுக்கு அடியில் சிறிய 'பி' எழுத்து நின்றால் மெல்ல வாசிக்க வேண்டும். 'எஃப்' நின்றால் ஃபோர்ட்டே, பலமாக வாசிக்க வேண்டும். ஃப்ளாரன்ஸ் நகரில் மெடிச்சி அரச குடும்பத்தின் வாத்தியங்களைப் பராமரித்துவந்த பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபோரி, 1700ஆம் ஆண்டு வாக்கில் இந்தக் கருவியைச் செய்தார். அதற்கு முன் கோலோச்சிய ஹார்ப்சிகார்டு என்னும் வாத்தியம் தந்தியைச் சுண்டி ஒலிக்கும். கட்டையை ஓங்கிக் குத்தினாலும் பூப்போலத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். வாசிப்பவரின் விரலுக்கு அங்கே மரியாதை இல்லை. கிறிஸ்தோஃபோரி சுண்டுவதை நிறுத்தினார். சின்னச் சுத்தியலால் தட்டவைத்தார். அன்றிலிருந்து விரல் என்ன நினைக்கிறதோ அதைக் கருவி சொன்னது. மெல்லவும் பலமாகவும் ஒலிப்பது என்று அதற்கு நீளமாகப் பெயர் வைத்தார்கள். நாளடைவில் அந்தப் பெயர் தேய்ந்து, உலகத்தின் வாயில் 'மெல்ல' மட்டும் நிலைத்தது.

இன்றைய பியானோப் பெட்டி ஒன்றின் மூடியைத் திறந்து பார். 88 கட்டைகள். சுமார் 230 உருக்குத் தந்திகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் இழுவை கிட்டத்தட்ட 20 டன்! பாரம் ஏற்றிய ஒரு பெரிய லாரியின் எடையை வார்ப்பிரும்புச் சட்டத்தில் இரவும் பகலும் தாங்கிக்கொண்டு நிற்கிற கருவி, தன் பெயரை 'மெல்ல' என்று சொல்லிக்கொள்கிறது. உன்னைச் சாது என்கிறார்களா? வாயில்லாப் பூச்சி என்கிறார்களா? சொல்லட்டும். நீ எத்தனை டன் தாங்குகிறாய் என்பது உனக்குத் தெரியும். விடிவதற்குள் எழுந்து, அட்டைக்கடி பட்டு, மிளகுக்கொடிக்கு ஏணி சாய்த்துவிட்டு, அதன் பிறகு பள்ளிக்கூடம் போன பிள்ளை நீ!

அதே பெட்டிக்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தந்தியைத் தட்டிய சுத்தியல் அங்கேயே ஒட்டிக்கொண்டால் நாதம் செத்துவிடும். அதனால் தட்டிய கணமே விலகிக்கொள்ளும்படி கிறிஸ்தோஃபோரி அமைத்தார். பிறகு 1821இல் பாரிஸ் கருவியாளர் செபஸ்தியான் எரார் அதை மேலும் செம்மையாக்கினார். விழுகிற சுத்தியலை முழுவதும் கீழே போகவிடாமல், பாதி வழியில் பிடித்து நிறுத்தி, அடுத்த தட்டுக்குத் தயாராக்கினார். இன்றைய கிராண்ட் பியானோவில் ஒரே சுரத்தைப் படபடவென்று திரும்பத் திரும்ப வாசிக்க முடிவது அதனால்தான். ஒரு தேர்வில் தோற்றால் அதலபாதாளம் வரை போய்ப் படுத்துக்கொள்கிறாயே, ஏன்? பாதியில் நில்! அங்கிருந்தே எழும்பு!

அப்படிப் பாதியில் நின்று எழும்பும் சுத்தியல்களை வைத்துக்கொண்டு, 2019இல் சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி மேடையில் என்ன செய்தான்? 'வண்டின் பறத்தல்' என்ற ரிம்ஸ்கி-கோர்சகோவின் இசையை நிமிடத்துக்கு 208 தாளத் தட்டு வேகத்தில் வாசித்தான். அரங்கம் வாய்பிளந்தது. அதோடு விடவில்லை. வேகத்தை 325க்கு ஏற்றி மறுபடியும் வாசித்தான். 10 லட்சம் டாலர் பரிசோடு திரும்பியபோது அவனுக்கு வயது 13.

"அவன் நகரத்துப் பிள்ளை, வீட்டில் இசை இருந்தது" என்பாய். சரி, உன் மலைக்குத் தென்மேற்கே பார். கம்பம் பள்ளத்தாக்கில், மலையடிவாரத்தில் பண்ணைப்புரம். அங்கே 1943இல் பிறந்த ஒருவர், அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் போய் மேடைக் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்தார். பிறகு சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையைக் கற்றார். இளைஞராகி, மேடையேறிப் பழகிவிட்ட பிறகும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க அவர் கூச்சப்படவில்லை. அதே இளையராஜா 2025 மார்ச் 8ஆம் தேதி, தம் 81ஆம் வயதில், லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு தம் சிம்ஃபொனியை அரங்கேற்றினார். பண்ணைப்புரத்திலிருந்து லண்டனுக்கு வழி இருந்தது என்றால், பெரும்பாறையிலிருந்து மட்டும் பாதை அடைத்துக் கிடக்கிறதா?

உன் வீட்டில் பியானோ இல்லை. தெரியும். இருந்திருந்தாலும் நம் ஊர் ஈரத்தில் மரமும் கம்பளியும் உப்பி, கட்டைகள் எழும்பாமல் ஒட்டிக்கொள்ளும், சுதி கலையும். மின் கீபோர்டு போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேள்: விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூடிக் குறைகிறதா? குறையாது என்றால் அது உனக்கு வேண்டாம். உன் தொடுதலை மதிக்காத எதையும் காசு கொடுத்து வாங்காதே.

உன் அம்மாவின் விரல்களை உற்றுப் பார்த்திருக்கிறாயா? காப்பிக் கொத்தில் பச்சையை விட்டுச் சிவந்த பழத்தை மட்டும், கிளை நோகாமல் அந்த விரல்கள் திருகி எடுக்கும். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்ற அந்த ஞானத்துக்காகத்தான் பியானோ மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பயிற்சி செய்கிறார்கள். உனக்கு அது ரத்தத்தில் வந்திருக்கிறது. அந்த விரல்களின் பிள்ளையா தலைகுனிந்து நிற்பது?

எழுந்திரு. அடுத்த நேர்காணலுக்குப் போ. கதவைத் தட்டு. கத்த வேண்டாம், உன் குரலிலேயே, மெல்ல, கடைசி எழுத்தை விழுங்காமல் உன் பெயரைச் சொல். எந்த ஊர் என்று கேட்பார்கள். நிமிர்ந்து, கண்ணைப் பார்த்துச் சொல்: "பெரும்பாறை."