நிலையா உடலில் நிலையான மாற்றம்

ஆண்குறியின் பருமனை அழகுக்காகக் கூட்டப் போடப்படும் ஊசிகள் இரண்டு வகைப்படும். காலப்போக்கில் கரைந்துபோகும் பொருளைச் செலுத்துவது ஒரு வகை. வாழ்நாள் முழுவதும் உள்ளேயே தங்கும் பொருளைச் செலுத்துவது மற்றொன்று. ‘ஃபில்லர்’ எனப்படும் இந்த நிரப்பிகளில் எது நல்லது என்ற கேள்வி மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியாகவே தோன்றும். ஆனால் அதற்குள் சமயமும் தத்துவமும் நெடுங்காலமாகக் கேட்டுவந்த வேறொரு கேள்வி இருக்கிறது. மாறிக்கொண்டே இருக்கும் உடலில், மாறிக்கொண்டே இருக்கும் மனம், மாற்ற முடியாத ஒன்றைச் செய்துகொள்ளலாமா?

முதலில் பொருள்களின் தன்மை. கரையும் வகையில் முதன்மையானது ஹையலூரானிக் அமிலம். தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கும் இந்தப் பொருளைக் கூழாக்கித் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். ஏறத்தாழ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் உடல் இதில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். இடையில் சிக்கல் வந்தால் ஹையலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்திக் கரைத்துவிடலாம். நிரந்தர வகையில் பி.எம்.எம்.ஏ. எனப்படும் நெகிழி நுண்மணிகளும் திரவ சிலிக்கோனும் அடங்கும். இவற்றைக் கரைக்க மருந்து கிடையாது. அறுவைச் சிகிச்சைதான் வழி. இரு வகையும் பருமனையே கூட்டும், நீளத்தைக் கூட்டா. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் முகம், உதடு, புறங்கை போன்ற இடங்களுக்குச் சில நிரப்பிகளை அனுமதித்திருக்கிறது; ஆண்குறிக்கென்று எதையும் அனுமதித்ததில்லை. உடலின் வடிவத்தை மாற்றத் திரவ சிலிக்கோன் ஊசி போட்டுக்கொள்வதற்கு எதிராக 2017இல் அது பொது எச்சரிக்கையே வெளியிட்டது.

இந்த ஆசையும், இதில் தற்காலிகம், நிரந்தரம் என்ற பாகுபாடும் மேல்நாட்டு மருத்துவத்தோடு வந்தவை அல்ல. கி.பி. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டி எழுந்த காமசூத்திரத்தின் ஏழாம் பகுதி இதே பாகுபாட்டைச் செய்கிறது. அமுக்கரா, எருமை வெண்ணெய் முதலியவற்றைத் தேய்த்தால் வரும் பருமன் ஒரு மாதம் நிற்கும் என்றும், சில சரக்குகளை எண்ணெயில் காய்ச்சித் தேய்த்தால் ஆறு மாதம் நிற்கும் என்றும் அது சொல்கிறது. மரத்தில் வாழும் ஒருவகைப் பூச்சியின் சுணையைத் தேய்த்து, பத்து இரவுகள் எண்ணெயிட்டு, மீண்டும் சுணை தேய்த்து உண்டாக்கும் வீக்கமோ வாழ்நாள் முழுதும் நிலைக்கும் என்கிறது. ஐயத்துக்கு இடமானவை, உடலுக்குக் கேடு விளைப்பவை, உயிர்க்கொலையோடு சேர்ந்தவை ஆகிய முறைகளைக் கையாளக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதே பகுதியில்தான் வருகிறது.

காமநூல் சொன்ன வழியின் விளைவை மருத்துவநூல் பதிவு செய்தது. சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில், முறையற்ற வழியில் குறியைப் பெருக்க விரும்பிச் சுணையைப் பயன்படுத்துவோருக்கு வரும் நோய்களுக்கென்றே தனி அத்தியாயம் ஒன்று உண்டு. அதில் பதினெட்டு நோய்கள் விவரிக்கப்படுகின்றன. கல்லைப் போல இறுகும் கட்டி, முடிச்சு முடிச்சாகத் திரளும் சதை, தொடு உணர்வு அற்றுப்போதல், தோல் வெந்து அழுகுதல் ஆகியவை அவற்றில் சில. பதினெட்டில் நான்கு தீராதவை என்று நூல் கைவிரிக்கிறது. நிரந்தரம் எனப் புகழப்பட்ட முறையே நிரந்தர நோய்க்கும் வாயிலானது என்பது அன்றைய வைத்தியர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே பாடம் ஐரோப்பாவில் மறுபடி படிக்கப்பட்டது. 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதைகளை இழந்த ஒருவருக்கு விதைப்பையில் வாசலின் ஊசி போட்டு இயல்பான தோற்றம் கிடைக்கச் செய்தார். அது வெற்றியாகக் கருதப்பட்டதால் வாசலினும் பாரஃபினும் முகத்துக்கும் மார்புக்கும் பரவின. சில ஆண்டுகளிலேயே ‘பாரஃபினோமா’ எனப்படும் இறுகிய கட்டிகளும் புண்களும் தோன்றின. உடல் தன்னுடையதல்லாத எண்ணெயைக் கரைக்கவும் முடியாமல், வெளியேற்றவும் முடியாமல், அதைச் சுற்றித் தழும்பாகச் சதையைக் கட்டிக்கொண்டே போனது. இன்றும் ஆசியாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் மருத்துவர் அல்லாதவர்களிடம் எண்ணெயோ சிலிக்கோனோ செலுத்திக்கொண்டு, ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகவியல் பிரிவுக்கு வருவோர் உண்டு. அவர்களுக்குக் குறியின் தோலையே அகற்றி, வேறிடத்துத் தோலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

இதைக் கொண்டு, உடலில் நிரந்தர மாற்றம் எதுவுமே தவறு என்று முடிவு கட்டிவிட முடியாது. வடசென்னையே அதற்கு மறுப்பு. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பழைய மக்கள் அழைத்த ஸ்டான்லி மருத்துவமனையில், 1971இல் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென ஒரு பிரிவைத் தொடங்கினார். அது பின்னர் கை மறுவாழ்வுக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்குமான பெரிய நிறுவனமாக வளர்ந்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் விரலும் கையும்தான் ஒருவரின் சோறு. எந்திரத்தில் விரல் போனவருக்குக் கால்விரலை எடுத்துக் கையில் பொருத்துவது திரும்பப் பெற முடியாத மாற்றம்தான். அதை எந்தச் சமயமும் குறை சொல்லாது. அங்கே இழப்பு நிரந்தரமானது. ஆகவே ஈடும் நிரந்தரமாக இருப்பது பொருந்தும்.

அழகுக்காகப் பருமன் கூட்டுவதில் இந்தப் பொருத்தம் இல்லை. அங்கே எதுவும் இழக்கப்படவில்லை. குறை என்பது ஒப்பீட்டில் பிறக்கிறது. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களின் அளவுகளைத் தொகுத்து 2015இல் வெளிவந்த ஆய்வு, விறைத்த நிலையில் சராசரி நீளம் சுமார் 13 செ.மீ., சுற்றளவு சுமார் 11.7 செ.மீ. என்று கணக்கிட்டது. பெருக்கம் கேட்டு மருத்துவரிடம் வருவோரில் மிகப் பெரும்பாலோர் இயல்பான அளவுக்குள் இருப்பவர்களே. அவர்களை வாட்டுவது ஆபாசப் படங்கள், நண்பர்களின் கேலி, ‘ஆண்மைக் குறைவு’ என்று சுவரொட்டி ஒட்டி லாட்ஜில் தங்கும் வைத்தியர்களின் விளம்பரம் ஆகியவை ஊட்டிய அளவுகோல். பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. விளம்பரங்கள் மட்டும் நின்றபாடில்லை. ஒப்பீடு ஆளுக்கு ஆள், வயதுக்கு வயது மாறும். மாறுகின்ற குறைக்கு மாறாத ஈடு தேடுவதுதான் நிரந்தர நிரப்பியில் உள்ள அடிப்படைப் பிழை.

உடலின் நிலையாமையைத் தமிழில் மிகக் கடுமையாகப் பாடியவர் பட்டினத்தார். காவிரிப்பூம்பட்டினத்துக் கடல் வணிகராக இருந்து துறவியான அவருடைய சமாதி வடசென்னையின் திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. அவர் பார்வையில் உடல் தீக்கோ மண்ணுக்கோ போகும் இரை. அதை அலங்கரிப்பது வீண் என்றால், பெருக்குவது அதனினும் வீண். தற்காலிகம், நிரந்தரம் என்ற வேறுபாடே அவருக்குப் பொருட்டாக இராது. வாழ்நாள் முழுவதும் நிற்கும் என்று விற்கப்படும் பொருளும் வாழ்நாள் வரைதானே நிற்கிறது?

இந்த வாதத்தை எதிர்ப்பக்கம் திருப்பவும் முடியும். எல்லாமே நிலையற்றது என்றால் நிரந்தர நிரப்பியால் என்ன கெட்டுவிடும், உடலோடு அதுவும் போய்விடுமே என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு விடை திருமூலரிடம் கிடைக்கிறது. உடலை ஒரு காலத்தில் இழுக்கென்று எண்ணியதையும், பின்னர் அதற்குள்ளேயே இறைவன் கோயில் கொண்டதைக் கண்டு அதைப் பேணியதையும் திருமந்திரம் பேசுகிறது. அழியக்கூடியது என்பதற்காக உடல் அலட்சியத்துக்கு உரியது ஆகாது. கொஞ்ச காலமே கிடைத்த கருவி என்பதால்தான் அதைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டும். முப்பது வயதில் செலுத்திய பொருள் நாற்பதில் கல்லாக இறுகினால், மிச்சமிருக்கும் ஆண்டுகள் முழுவதையும் அந்த வலிதான் ஆளும். நிலையாமை வலியைப் பொய்யாக்கிவிடாது.

உடலை நிலைபெறச் செய்ய விரும்பியவரும் இதே வடசென்னை மண்ணோடு தொடர்புடையவர். ஏழுகிணற்றில் வாழ்ந்த இளமைக் காலத்தில் திருவொற்றியூருக்கு நடந்தே சென்று வழிபட்ட இராமலிங்க அடிகள், பிற்காலத்தில் மரணமிலாப் பெருவாழ்வைப் போதித்தார். அந்த நிலைபேற்றுக்கு அவர் காட்டிய வழி சீவகாருணியம். 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியதும் பசித்தவர்க்குச் சோறிடத்தான். தமிழ் மரபில் உடலின் நிரந்தரத்தை நம்பியவர்கூட, வெளியிலிருந்து ஒரு பொருளைத் திணித்து அதைப் பெறலாம் என்று சொல்லவில்லை.

மாற்ற முடியாத தீர்மானத்தை மனிதரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதற்குத் திருவொற்றியூரிலேயே ஒரு புராணச் சான்று உண்டு. பெரியபுராணம் சொல்லும்படி, சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்க விரும்பி, ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். சத்தியம் செய்த நேரத்தில் அவர் விருப்பம் உண்மையானதே. வசந்த காலம் வந்ததும் திருவாரூர் நினைவு எழுந்தது. ஊர் எல்லையைத் தாண்டினார், இரு கண்களும் ஒளியிழந்தன. ஒரு கண்ணைக் காஞ்சியிலும் மறு கண்ணைத் திருவாரூரிலும் பாடிப் பெற்றார். அந்தச் சத்தியம் இன்றும் திருவொற்றியூர்க் கோயிலில் மகிழடி சேவையாகக் கொண்டாடப்படுகிறது. விரும்பும்போது இருக்கிற மனம் வேறு, விரும்பியது நடந்த பின் வாழப்போகும் மனம் வேறு என்பது இக்கதையில் தெளிவு. இறைவனையே பாடி இரங்கவைக்கத் தெரிந்தவருக்கு மீட்சி கிடைத்தது. நெகிழி மணிகளைச் செலுத்திக்கொண்டவருக்கு அத்தகைய மீட்சி இல்லை.

வடசென்னையின் பிற சமயங்களும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கின்றன. இறைவன் படைத்த உருவத்தை மாற்றுவதைக் குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் சைத்தானின் தூண்டுதலோடு சேர்த்துப் பேசுகிறது. அதே சமயம், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா வெள்ளி மூக்கு பொருத்தி அது நாற்றமெடுத்தபோது, தங்க மூக்குப் பொருத்திக்கொள்ள நபிகள் நாயகம் அனுமதித்ததாக ஹதீஸ் கூறுகிறது. குறையைச் சரிசெய்வது ஒன்று, அழகைக் கூட்டுவது வேறொன்று என்று மார்க்க அறிஞர்கள் பிரிப்பதற்கு இது முக்கிய ஆதாரம். கத்தோலிக்கத் திருச்சபையில் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1958 அக்டோபரில் இத்தாலியப் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர்களிடம் உரையாற்றியபோது, அழகுக்கான அறுவைச் சிகிச்சை தன்னளவில் பாவமல்ல என்றும், நோக்கமும் சூழ்நிலையும் ஆபத்தின் அளவுமே அதை நல்லதாகவோ தீயதாகவோ ஆக்கும் என்றும் விளக்கினார். ஒரு சமயம் படைப்பின் மீதான மதிப்பிலிருந்து தொடங்குகிறது, மற்றது நோக்கத்திலிருந்து தொடங்குகிறது. இரண்டுமே, பெறும் நன்மை சிறிதாகவும் நேரும் கேடு திருத்த முடியாததாகவும் இருக்கும் செயலை ஏற்கவில்லை.

இதனால் தற்காலிக நிரப்பி குற்றமற்றது என்று ஆகிவிடாது. கட்டி, சமச்சீரின்மை, தொற்று, அரிதாக இரத்தக் குழாய் அடைப்பு ஆகியவை அதிலும் உண்டு. மருத்துவத்தைத் தாண்டி இன்னொரு வலையும் இருக்கிறது. ஊசி போடுவதற்கு முன் இருந்த அளவு ஒருவருக்கு இயல்பாக இருந்தது. போட்ட பொருள் கரையும்போது அதே அளவு இழப்பாகத் தெரியும். அடுத்த ஊசி அந்த இழப்பை ஈடுகட்ட, ஆசை முடிவதற்கு மாறாகத் தவணை முறைக்கு வந்துவிடும். பௌத்தம் வேட்கை என்றும், குறள் அவா என்றும் சுட்டும் தொடர் இதுதான். நிறைவேறியதும் அடங்காமல், நிறைவேறியதையே அடுத்த தேவைக்கு அடிப்படையாக்கும் தொடர். கரையும் பொருள் தருவது நிறுத்திக்கொள்ளும் சுதந்திரம். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தாதவருக்கு அதுவும் நடைமுறையில் நிரந்தரமே.

மருத்துவரின் கடமை இங்கே தனியாக நிற்கிறது. உருவத்தைப் பற்றிய கவலை நோயாகவே முற்றியவர்களுக்கு எந்த அளவு கூட்டினாலும் நிறைவு வராது. ஊசி எடுப்பதற்கு முன் அதைக் கண்டறிந்து, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவது அவர் பொறுப்பு. இயல்பான அளவை எண்களோடு எடுத்துச் சொல்வதே பலருக்குப் போதிய சிகிச்சையாக அமையும். மனைவியிடம் மறைத்துச் செய்துகொள்ளும் மாற்றம், இருவருக்கும் உரிய ஒன்றில் ஒருவர் தனியே எடுத்த முடிவு என்பதையும் அவர் நினைவூட்டலாம்.

முடிவு இவ்வளவுதான்: இழந்ததை மீட்க நிரந்தர வழி தகும், ஒப்பீட்டால் எழுந்த குறைக்குத் தகாது. எல்லாம் அறிந்த பின்னும் ஒருவர் செய்தே தீருவதென்றால், கரையக்கூடிய பொருளை, பதிவுபெற்ற சிறப்பு மருத்துவரிடம் மட்டும் நாடுவது சிறிய தவறு. நெகிழியும் சிலிக்கோனும் எண்ணெயும் எந்த நிலையிலும் ஏற்கத்தக்கவை அல்ல. ஏற்கெனவே அவற்றைச் செலுத்திக்கொண்டு, வலியையோ கட்டியையோ வெட்கத்தால் மறைத்து வைத்திருப்பவர்கள் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையின் சிறுநீரகவியல் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நாள் கடத்தக் கடத்த அகற்ற வேண்டிய தோலின் பரப்பே கூடும்.