ஒப்புக்கொண்டான் என்பது போதுமா?



"குற்றம் செய்யாதவன் ஏன் ‘செய்தேன்’ என்று சொல்லப்போகிறான்?" என்று கேட்கிறோம். 1972-ல் இலண்டன் நகரில் நடந்த ஒரு கொலை வழக்கைக் கேளுங்கள். 18, 15, 14 வயதுள்ள மூவர், போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தின்பேரில் தண்டனை அடைந்தார்கள். மூத்தவனுக்கோ சிறுபிள்ளையின் அறிவுதான். ஆள் இறந்த நேரத்தோடு அவ்வாக்குமூலம் பொருந்தவில்லையென்று கண்டு, 1975-ல் மேல்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது.

மூடிய அறையில் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டது என்பதற்கு எழுதிய தாளன்றி வேறு சாட்சியில்லை. இவ்வழக்கு எழுப்பிய கலக்கத்தின் பலனாக 1984-ல் புதுச் சட்டம் பிறந்தது. விசாரணையை ஒலிநாடாவில் பதியும் முறை வந்தது. ஒரு நாடாவைச் சந்தேகிக்கப்பட்டவன் கண்முன்னே முத்திரையிட்டு வைத்தார்கள்.

இது போலீசாரை அவமதிப்பதாகுமோ? ஆகாது. "மிரட்டினார்கள்" என்னும் பொய்ப் புகாரிலிருந்து நேர்மையான அதிகாரியையும் அதே நாடா காக்கும். ஆனால் கருவியை முடுக்குமுன்னே மிரட்டிவிட்டால், பதிவதெல்லாம் ஒப்பித்த பாடமே. ஆகையால் முதற்கேள்வி தொட்டே பதிய வேண்டும்.

நமக்கும் ஒரு பாடமுண்டு. "அவனே ஒப்புக்கொண்டானாம்" என்று தெருவில் தீர்ப்புச் சொல்லுமுன், எப்படி ஒப்புக்கொண்டான் என்று கேளுங்கள். பயத்தினால் பிடுங்கிய சொல் உண்மைக்குச் சாட்சியாகாது.