எழுதியவர்

வை.மு.கோதைநாயகி அம்மாள் தமது முதல் நூலைத் தம் கையால் எழுதவில்லை. அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. 'இந்திர மோகனா' என்ற அந்த நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சேறியது. மறு ஆண்டே, நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்ற மாத இதழை ஏற்று அதன் ஆசிரியரானார் கோதைநாயகி. ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அதை நடத்தினார். 115 நாவல்கள் அவர் பெயரில் உள்ளன.

அவரது வரலாற்றைச் சொல்பவர்கள் பட்டம்மாளை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவது வழக்கம். கடந்துவிட முடியாத வாக்கியம் அது.

கோதைநாயகி 1901 டிசம்பர் 1ஆம் தேதி நீர்வளூர் வெங்கடாச்சாரியாரின் மகளாகப் பிறந்தார். ஒரு வயதிலேயே தாயை இழந்தார். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு.பார்த்தசாரதிக்கு மணம் முடித்துவைத்தார்கள். பள்ளிக்கூடம் என்ற பேச்சே இல்லை. வைணவக் குடும்பம் ஆகையால் பாசுரம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. புகுந்த வீட்டில் மாமியார் தெலுங்கு சொல்லிக்கொடுத்தார். கணவர் நாடகம் பார்க்க அழைத்துப் போவார். பார்த்துவிட்டு வந்த பெண், தெருப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் கதை சொல்லுவார். ஆக, கைக்கு எழுத்து வருவதற்கு வெகுகாலம் முன்பே வாய்க்குக் கதை வந்துவிட்டது. நாடகம் எழுத ஆசை வந்தபோது இல்லாதிருந்தது கை ஒன்றுதான். அந்தக் கையைப் பட்டம்மாள் தந்தார்.

பெயர் விளையாடும் விளையாட்டு ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோதைநாயகியின் தாயார் பெயரும் பட்டம்மாள். பெற்ற பட்டம்மாள் போன பிறகு, எழுதித் தந்த பட்டம்மாள். மூன்றாவது பட்டம்மாள் ஒருவரும் வருவார். அவர் முறை வரட்டும்.

'எழுதியவர்' என்ற சொல்லைத் தமிழில் இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். புத்தகத்தின் மேல் அது நூலாசிரியரைக் குறிக்கும். பத்திரத்தின் அடியிலோ அது ஆவண எழுத்தரைக் குறிக்கும். வள்ளூரில் இந்த இரண்டாம் பொருள்தான் நன்றாகத் தெரிந்த பொருள். எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, கொசஸ்தலையாற்றங்கரையில், 1,500 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கும் ஊர் அது. துறைமுகமும் தொழிற்சாலையும் சாலையும் வந்த பக்கம் என்பதால் நிலம் கைமாறிய கதை வீட்டுக்கு வீடு உண்டு. விற்பவர் கைநாட்டு என்றால், இடது கைப் பெருவிரலை மையில் உருட்டி ஒற்றுவார். அது இன்னாருடைய ரேகை என்று பக்கத்தில் ஒருவர் எழுதுவார். சாட்சிகள் கையெழுத்துப் போடுவார்கள். கடைசியில் எழுதியவர் பெயர், உரிம எண்ணோடு இருக்கும். நிலம் யாருடையது என்பதில் வழக்கு வரலாம். காகிதத்தில் பேனா பிடித்தது யார் என்பதில் வழக்கே வராது. ஐந்து சென்ட் மனைக்குக் கிடைக்கும் இந்த மரியாதை ஒரு நாடகத்துக்குக் கிடைப்பதில்லை.

எழுதித் தருவது என்பது சொன்னதைச் சொன்னபடி இறக்கிவைப்பது என்று எண்ணிக்கொள்வது எளிது. இன்லண்டு லெட்டர் காலத்துப் பிள்ளைகளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அந்நாளில் எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர்ப் பக்கத்தில் ஏழாம் வகுப்பை எட்டிய பிள்ளை தெருவுக்கே எழுத்தர். கப்பல் வேலைக்கோ பட்டாளத்துக்கோ போன மகனுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்று பாட்டி வந்து திண்ணையில் உட்காருவார். அவர் சொல்வது, "பணம் அனுப்பச் சொல்லு, மாடு கன்னு போட்டுச்சின்னு சொல்லு" என்பதுதான். தாளில் இறங்குவது, "அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல்." பாட்டி அந்தச் சொற்களைச் சொன்னதே இல்லை. எழுதி முடித்ததும் பிள்ளை படித்துக் காட்டும். பாட்டி கேட்டுவிட்டு, அதைத்தானே சொன்னேன் என்பதுபோலத் தலையாட்டுவார். மாடு கன்று போட்ட செய்தி பாட்டியுடையது. ஆவல் யாருடையது?

இதே கேள்வியைப் பாரதக் கதை முன்பே ஒருவாறு கையாண்டிருக்கிறது. வியாசர் சொல்ல, விநாயகர் எழுதிய கதை வீடுகளில் பல விதமாகச் சொல்லப்படும். ஒடிந்த தந்தமே எழுத்தாணி என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது நிபந்தனைகள். நடுவில் நிறுத்தக்கூடாது என்றார் எழுதியவர். பொருள் புரியாமல் எழுதக்கூடாது என்றார் சொன்னவர். சொன்னவருடைய நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். புரிந்துகொண்டு எழுதும் கை வெறும் கை ஆகாது. மூச்சு வாங்க வேண்டியபோதெல்லாம் வியாசர் முடிச்சுச் சுலோகம் ஒன்றைப் போட்டாராம். அப்படியானால் அந்த முடிச்சுகள் எழுத்தர் இருந்ததால் பிறந்தவை. தனியே எழுதியிருந்தால் அவற்றுக்குத் தேவையே இல்லை. 'இந்திர மோகனா'வில் அப்படிப்பட்ட முடிச்சு ஏதும் உண்டா? தோழி முகம் சுளித்த இடத்தில் ஒரு வசனம் திரும்பியிருக்குமா, அவர் சிரித்த இடத்தில் ஒரு காட்சி நீண்டிருக்குமா? முதல் வாசகர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு கதை தனியே பிறந்தது என்று சொல்வது கடினம்.

கோதைநாயகி பின்னர் தாமே எழுதப் பழகிக்கொண்டார். நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் அவருடைய 'வைதேகி'யைத் தமது 'மனோரஞ்சனி' இதழில் வெளியிட்டார். 'ஜகன்மோகினி' கைக்கு வந்தபின் மாதந்தோறும் எழுதியாக வேண்டிய கட்டாயம். 1925இல் காந்தியைச் சந்தித்தபின் பட்டை விட்டுக் கதருக்கு மாறினார். கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணிப் புறக்கணிப்பு என்று இறங்கி, 1930களின் தொடக்கத்தில் சிறை சென்றார். சிறைக்குள் இருந்தும் 'சோதனையின் கொடுமை' என்ற நாவலை எழுதினார். சில ஆண்டுகளுக்கு முன் பேனா பிடிக்கத் தெரியாதிருந்த கை, பேனா அரிதான இடத்தில் நாவல் எழுதியது.

ஆயினும் குரல் அவரை விட்டுப் போகவில்லை. அவர் மேடைப் பேச்சாளர், பாடவும் தெரிந்தவர், காங்கிரஸ் கூட்டங்களில் பாரதி பாட்டுக்கு அவர் குரல் வேண்டியிருந்தது. டி.கே.பட்டம்மாள் மேடை ஏறிப் பாட ஊக்கம் தந்தவர்களில் அவரும் ஒருவர். மூன்றாம் பட்டம்மாள் இவர்தான். நல்ல குடும்பத்துப் பெண் சபையில் உட்கார்ந்து பாடலாமா என்று கேட்ட காலம் அது. எழுதித் தந்த ஒரு பட்டம்மாளின் கடன், பாட வந்த இன்னொரு பட்டம்மாளிடம் தீர்ந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும்; வாழ்க்கை அவ்வளவு சரியாகக் கணக்கு வைப்பதில்லை.

சிறுமி டி.கே.பட்டம்மாளின் குரல் வானொலியிலும் ஒலித்தது. சென்னையில் வானொலி 1924இலேயே தொடங்கியது, சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முனைந்து அமைத்த வானொலிக் கழகம் பணமின்றி 1927இல் நின்றது. அதன் கருவிகளைக் கொண்டு மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. திருவல்லிக்கேணியில் நடந்த அதே காரியம் இங்கே தலைகீழாக நடந்தது. அங்கே குரல் ஒருவருடையது, எழுத்து இன்னொருவருடையது. குரலுக்கு உரியவர் பெயர் நின்றது. இங்கே முதலில் ஒருவர் எழுதுகிறார், பிறகு இன்னொருவர் சொல்கிறார். ஆனாலும் நிற்பது சொன்னவர் பெயர்.

காலை ஏழே கால் மணிக்கு டெல்லியிலிருந்து வரும் தமிழ்ச் செய்தியில் 'செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி' என்ற அறிவிப்பைக் கேட்டு, முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீக்கடையில் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட காலம் ஒன்று வடசென்னையிலும் உண்டு. அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்த முதல் பெண் என்று அறியப்படும் அவர் கலைமாமணி விருது பெற்றார். 2022 ஆகஸ்டில் மறைந்தார். 'வாசிப்பது' என்ற சொல்லில் நேர்மை இருந்தது. எழுதியவர் வேறொருவர் என்பது அதிலேயே அடங்கியிருந்தது. ஆனால் கேட்டவர்களுக்குச் செய்தி சரோஜ் நாராயணசுவாமியுடையது. அவரே சொன்னார், ஆகவே நடந்திருக்கிறது.

கோதைநாயகியின் கடைசி ஆண்டுகள் கொடியவை. 1948இல் மகாத்மாஜி சேவா சங்கத்தைத் தொடங்கிப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தொழில் கற்பித்தவர், அரசு அளித்த பத்து ஏக்கர் நிலத்தை வினோபாவின் பூதானத்துக்குத் தந்துவிட்டவர், 1956இல் ஒரே மகனைப் பறிகொடுத்தார். காசநோய் பற்றியது. 1960 பிப்ரவரி 20 அன்று தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து அவருடைய கதை 'சித்தி' என்ற திரைப்படமானது.

'இந்திர மோகனா'வை எழுதியவர் கோதைநாயகி என்பது சரி. எழுதியவர் பட்டம்மாள் என்பதும், பத்திரத்தில் அந்தச் சொல் தரும் பொருளில், சரி. இரண்டாவதை அழுத்திச் சொன்னால், பள்ளிக்கூடம் காணாத ஒரு பெண் தாமே உண்டாக்கிக்கொண்ட இடத்தில் கை வைப்பதாகிவிடுமோ என்ற தயக்கம் வருகிறது. சொல்லாமல் விட்டால், பேனா பிடித்தவளுக்குப் பங்கே இல்லை என்றாகிறது. இரண்டில் எது பெரிய பிழை என்று இப்போதைக்குத் தீர்த்துச் சொல்ல இயலவில்லை. பாட்டியின் கடிதத்தில் இருந்த ஆவலும் அப்படியேதான் நிற்கிறது.