மறந்தவளை மறக்கலாமா?

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கையில் ஒருவர் மனம் நொந்து சொன்னார்: “அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘யாரு தம்பி நீங்க? சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டாள். பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை. நான் வந்ததும் அவளுக்கு நினைவில்லை, போனதும் நினைவில்லை. இனிப் போய் என்ன பிரயோசனம்? அவள் என் அம்மாவாகவே இல்லையே!”

கல்நெஞ்சன் கேட்ட கேள்வி அல்ல இது. தாயை நேசித்தவனுக்குத்தான் இப்படி வலிக்கும். ஆனாலும் கேள்விக்கு விடை வேண்டும். பிதா மாதாவைச் சங்கிக்க வேண்டுமென்று நாலாம் கற்பனை விதிக்கிறது. பிள்ளை யாரென்றே அறியாத தாய்க்கும் அந்தக் கடன் உண்டா? அவள் இன்னும் அதே தாய்தானா? பல வீடுகளில் வாய்விட்டுக் கேட்கக் கூசும் இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதலாவது, இது என்னவென்று அறிந்துகொள்வது நலம். “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் கிறுக்கு என்றும் பிசாசின் சேட்டை என்றும் சொல்லி அறையில் பூட்டிவைக்கிறார்கள். இரண்டும் தவறு. இது மூளையைத் தாக்கும் வியாதி. டாக்டர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். அதில் மிகுதியாகக் காணும் வகைக்கு அல்சைமர் வியாதி என்று பெயர். அதை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி வரக்கூடும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகையால் மறதி அதிகப்படும்போது டாக்டரிடம் காட்டாமல் இருப்பது பெரியவர்களுக்கு நாம் செய்யும் அநியாயம்.

அல்சைமர் என்பது ஒரு ஜெர்மன் வைத்தியரின் பெயர். 1901-ம் ஆண்டு பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு 51 வயதுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். தன் பெயரை எழுதச் சொன்னாலும் எழுதி முடிக்க அவளால் ஆகவில்லை. அவர் பொறுமையோடு கேள்விகள் கேட்டு, அவள் சொன்ன பதில்களைக் குறித்துவைத்தார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. 1906-ல் அவள் இறந்தபின் மூளையைச் சோதித்து, அங்கே கண்ட படிவுகளையும் சிக்குண்ட இழைகளையும் அவ்வருடமே வைத்தியர் சபையில் அறிவித்தார்.

அந்தப் பெண் சொன்னதைக் கவனியுங்கள். ‘என்னைத் தொலைத்துவிட்டேன்’ என்று துக்கப்பட ஒருத்தி உள்ளே இருக்கத்தானே வேண்டும்? அடியோடு இல்லாமற் போனவள் அப்படித் துக்கப்படுவாளா?

“ஆத்துமத்துக்குப் புத்தி, மனது, ஞாபகம் என்று மூன்று சத்துவங்கள் உண்டென்று படித்தோமே. ஞாபகம் போனால் ஆத்துமத்தில் ஒரு பங்கு போனதாகாதா?” என்று சிலர் கேட்கலாம். இம்மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்தவர் அர்ச். அகுஸ்தீன். நல்ல ஆட்சேபம்தான். ஆனால் தந்தி அறுந்த வீணையில் நாதம் எழாவிட்டால், வித்துவான் செத்துப்போனான் என்போமா? இவ்வுலகில் ஆத்துமம் மூளையைக் கருவியாகக் கொண்டே நினைக்கிறது. கருவி பழுதுபட்டால் நினைவு வெளிப்படாது. சர்வேசுரன் படைத்த ஆத்துமம் குறைந்துபோவதில்லை.

கருவி எவ்வளவு பழுதுபட்டது என்பதை வைத்து ஆளை அளந்துவிட முடியாதென்பதற்கு ஓர் உண்மைச் சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் நோத்ருதாம் பள்ளிச் சகோதரிகள் என்ற கன்னியர் சபை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் அலுவல். 1986-ம் ஆண்டு டேவிட் ஸ்நோடன் என்ற ஆராய்ச்சியாளர், மினசோட்டா மாநிலத்தில் மான்காட்டோ என்ற ஊரிலுள்ள அவர்களுடைய மடத்தில் முதுமையைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் அவர் கேட்டது பெரிய தானம்: வருடந்தோறும் ஞாபக சோதனைக்கு உட்பட வேண்டும், மரித்தபின் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். 75 வயதும் அதற்கு மேலுமான 678 சகோதரிகள் சம்மதித்தார்கள். சரீர உத்தானத்தை விசுவசிக்கிறவர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மண்ணோடு மண்ணானதை எழுப்ப வல்லவருக்கு ஆராய்ச்சிசாலையில் இருப்பது ஒரு தடையா?

இந்த ஆராய்ச்சியில் ஒரு வியப்பு வெளிப்பட்டது. சகோதரி மேரி என்பவர் 101 வயதில் மரித்தார். மரணத்துக்கு முன் நடந்த சோதனைகளில் தெளிவாகவே பதில் சொல்லியிருந்தார். மூளையைப் பார்த்தாலோ, அல்சைமர் வியாதியின் படிவுகள் ஏராளம்! படிவுகளோடு மூளையின் சிறு இரத்தக் குழாய்களில் அடைப்பும் சேர்ந்திருந்த சகோதரிகளிடம் மறதி அதிகமாகக் காணப்பட்டதாகவும் 1997-ல் அறிவித்தார்கள். இரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது இதில் நமக்குள்ள பாடம். இன்னொரு பாடமும் உண்டு. மூளையைக் கையில் எடுத்துச் சோதித்தவர்களுக்கே அதை மட்டும் கொண்டு ஆளை மதிப்பிட முடியவில்லை. வாசற்படியில் நின்று பார்க்கிற நாம், ‘அவள் இல்லை’ என்று தீர்ப்புச் சொல்லலாமா?

அந்தச் சகோதரிகளில் பலருக்குக் காலப்போக்கில் மறதி வியாதி கண்டது. தாங்கள் கொடுத்த வாக்கையும் மறந்திருப்பார்கள். ஆனால் வாக்கு அழிந்ததா? மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருந்து நிறைவேற்றினார்கள். ஆசிரியைகளாக வாழ்ந்தவர்கள், யாவும் மறந்த பிறகும் உலகத்துக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற நாள் நம்மில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? ஆயினும் பெற்றது பெற்றதுதான். பெற்றோரும் ஞானப் பெற்றோரும் நமக்காக அதை நினைவில் வைத்திருந்தார்கள். அப்படியே தாய் என்ற உறவும் அவள் ஒருத்தியின் மூளையில் மட்டும் எழுதப்பட்டதல்ல. அவள் மறந்தால், அதைக் காப்பாற்றும் முறை நம்முடையது. நீ யாரென்று அவளுக்குத் தெரியாமலிருக்கலாம். அவள் யாரென்று உனக்குத் தெரியுமே! சங்கை என்பது நம்மை அடையாளம் கண்டதற்குக் கொடுக்கும் கூலியல்ல.

“சொல்வது எளிது, இரவெல்லாம் விழித்திருப்பது யார்?” என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அங்கே நடக்கவில்லை என்று கண்டு, ‘10/66’ என்றே பெயரிட்ட ஆராய்ச்சிக் குழு 1998-ல் கொச்சியில் தோன்றியது. சென்னையிலும் வேலூரிலும்கூட அதன் ஆராய்ச்சி நடந்தது. கோவாவில் 81 குடும்பங்களிடையே நடந்த ஒரு சோதனையில், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள் வீடுகளுக்குப் போய் வியாதியை விளக்கி, நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லிக்கொடுத்து, கவனிப்பவரின் மனக்குறையையும் கேட்டார்கள். கவனிப்பவர்களின் மனப்பாரம் குறைந்தது என்று 2008-ல் வெளியான முடிவு சொல்கிறது. கேட்க ஓர் ஆள் வந்தாலே பாதிச் சுமை இறங்குகிறது. மருமகள் ஒருத்தியின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, மாதம் பணம் அனுப்புவதோடு கற்பனையை அனுசரித்துவிட்டதாக எண்ணும் ஆண்மக்கள் இதைக் கவனிக்கட்டும். அவள் பொறுமையிழந்து கத்தினால், அந்தப் பாவத்தில் பங்கு யாருக்கு?

இன்னொரு சங்கடம். இறந்துபோன கணவரை, “இன்னும் வரலையே” என்று அம்மா தேடுவாள். “அப்பா செத்துப் பத்து வருஷமாச்சு” என்றால் அன்றுதான் கேட்டதுபோல் அழுவாள். பொய் சொல்லவும் மனம் ஒப்பாது. இரண்டுமின்றி ஒரு வழி உண்டு. “அப்பா நினைப்பு வந்துடுச்சாம்மா? அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும்?” என்று கேளுங்கள். அவள் தேடுவது நாள் கணக்கை அல்ல; அவரை.

கோவில் வாசலில் மனம் நொந்த அந்த மகனுக்கு ஒரு வார்த்தை. உன் பெயரை மறந்தாள்; நீ மகன் என்பதையும் மறந்தாள். ஆனாலும் வாசலில் வந்து நின்றவனைப் பார்த்து, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டாளே! உன்னை வளர்த்தவள் கேட்கும் கேள்வி அல்லவா அது? அடுத்த ஞாயிறும் போ. “இல்லம்மா, பசிக்குது” என்று சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு.