பதில் தரும் முகம்

பிள்ளையின் கையிலிருந்து ஒரு பொருளைப் பறிப்பது எளிது. பறித்த கையில் எதை வைப்பது என்பதே கடினம். கைபேசியைப் பற்றி இன்று நம் இல்லங்களில் எழும் பேச்செல்லாம் பறிப்பதோடு நின்றுவிடுகிறது. எந்த வயதில் கொடுப்பது, எத்தனை மணி நேரம் கொடுப்பது, எப்படித் தடுப்பது என்று கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விகளே இவை. ஆயினும் இவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்று உண்டு. பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது? அக்கடனைத் தீர்க்காதவர்கள் தடை மட்டும் விதிப்பது நியாயமாகுமா?

மருத்துவ உலகின் சொல்லை முதலில் கேட்போம். உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. இரண்டு வயது நிறையும் முன் குழந்தையைத் திரையின் முன் அமர்த்த வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்பட வேண்டாம். அதிலும் குறைந்தால் நன்று என்பது அதன் அறிவுரை. இது நம்மில் பலரும் அறிந்ததே. ஆனால் அதே நெறிமுறைகளில், மூன்று நான்கு வயதுப் பிள்ளை நாள்தோறும் மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். 10 முதல் 13 மணி நேரம் உறங்க வேண்டும். அமர்ந்திருக்கும் வேளையில் பெரியவர் ஒருவர் உடனிருந்து கதை சொல்வதும் படித்துக் காட்டுவதும் நன்று என்றும் கூறப்பட்டிருக்கிறது. தடையைப் படித்த நாம் கடமைகளைக் கவனியாது தாண்டிவிட்டோம்.

திரை குழந்தைக்கு எதனால் போதாது? இதற்கு விடை தரும் ஆய்வு ஒன்று 2003இல் வெளியாயிற்று. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆங்கிலம் பேசும் வீடுகளிலுள்ள ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். ஒரு சாராரிடம் சீன மொழியினர் நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினர். பன்னிரண்டே அமர்வுகளில் அம்மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியும் ஆற்றல் அக்குழந்தைகளுக்கு வாய்த்தது. மற்றொரு சாராருக்கு அதே பேச்சைத் தொலைக்காட்சி வழியே காட்டினர். அவர்கள் ஒன்றும் கற்கவில்லை. குரலில் குறையில்லை, பேச்சிலும் குறையில்லை. குழந்தை பார்த்தபோது திரும்பிப் பார்க்கும் கண்கள்தாம் அங்கே இல்லை.

அப்படியாயின் உயிருள்ள முகம் எதிரே இருந்தால் மட்டும் போதுமா? அதுவும் போதாது என்று காட்டியது எட்வர்ட் டிரானிக் என்பாரும் உடனிருந்தோரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு. தாய் தன் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடுவாள். பிறகு சிறிது நேரம் முகத்தில் எந்த அசைவுமின்றிக் குழந்தையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும். தாயை மீட்டெடுக்கத் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் செய்யும். எதுவும் பலிக்காதபோது முகத்தையும் உடலையும் திருப்பிக்கொண்டு ஒடுங்கிவிடும். கைபேசி புழக்கத்துக்கு வராத காலத்து ஆய்வு இது. ஆயினும் மடியில் குழந்தையும் கையில் கைபேசியுமாக அமர்ந்திருக்கும் நம் முகத்தை ஒருமுறை கண்ணாடியில் பார்த்தால், டிரானிக் கண்ட முகம் எதுவென்று நமக்கே விளங்கும்.

இனி, கடல் கடந்து பொருள் தேடும் குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். துபாயிலும் ரியாதிலும் உழைக்கும் வாப்பாவின் குரலை ஒருகாலத்தில் ஒலிநாடாவில் பதிந்து வரக் கேட்டவர்கள் நாம். இன்று அதே வாப்பா கைபேசித் திரையில் தோன்றி, "இன்றைக்கு என்ன சாப்பிட்டாய்?" என்று மகளைக் கேட்கிறார். அவள் காட்டும் புதுச் சட்டையைப் பார்த்து வியக்கிறார். இதுவும் திரைதானே, இதையும் விலக்க வேண்டுமா? வேண்டாம். 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், 2016ஆம் ஆண்டு அறிக்கையில் முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்களித்தது. இரண்டு வயது கடந்த குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. வீடியோ அழைப்பில் தம்மோடு பேசிப் பதிலளித்தவரிடம் அக்குழந்தைகள் புதிய சொற்களைக் கற்றனர். முன்பே பதிவு செய்த காட்சியில் கற்கவில்லை.

ஆகவே நாம் தேடிய எல்லைக்கோடு திரைக்கும் திரையின்மைக்கும் இடையே இல்லை. பதில் தரும் முகத்துக்கும் பதில் தராத முகத்துக்கும் இடையே உள்ளது. வளைகுடாவிலிருந்து பேசும் வாப்பா மகளுக்கு அருகில் இருக்கிறார். பக்கத்து நாற்காலியில் கைபேசியில் ஆழ்ந்திருக்கும் வாப்பா தொலைவில் இருக்கிறார்.

வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறன்றோ எனலாம். அவர்களுக்குக் கைபேசி பதில் தருகிறது. அளவுக்கு மீறியும் தருகிறது. விருப்பக் குறிகள் வந்து குவிகின்றன. ஒரு காட்சி முடியுமுன் அடுத்தது தானே தொடங்குகிறது. நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கைபேசியில் உருளும் பக்கத்துக்கு முடிவில்லை. அவ்வமைப்பை 2006இல் உருவாக்கிய அஸா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வருந்தினார். தாய் பதில் தருவது பிள்ளையின் நலம் கருதி. ஆதலால் "போதும், போய்த் தூங்கு" என்றும் அவள் சொல்வாள். பிள்ளையின் நேரத்தை விற்றுப் பொருளீட்டும் பொறி அச்சொல்லை எப்படிச் சொல்லும்? 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்பர் உறக்க மருத்துவர்கள். இரவில் கண்ணருகே விழும் திரையொளி, உறக்கத்துக்கு உடலை ஆயத்தம் செய்யும் மெலட்டோனின் என்னும் சுரப்பைக் குறைக்கிறது. முதிர்ந்த அறிஞர்கள் கூடி வகுத்த கவர்ச்சிக்கு முன் பதின்மூன்று வயதுப் பிள்ளை தோற்றால், குற்றம் பிள்ளையினுடையதா?

ஆஸ்திரேலிய நாடு இதற்கு ஒரு விடை கூறியிருக்கிறது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் பிள்ளையையோ பெற்றோரையோ தண்டிப்பதில்லை. தவறும் நிறுவனங்களுக்கே அபராதம் விதிக்கிறது. பொறுப்பை வலியவன் தோளில் ஏற்றியது நியாயமே.

மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரின் விவரங்களை ஆராய்ந்து, மனநலத்தில் காணும் ஏற்றத்தாழ்வில் 0.4 சதவீதத்துக்கு மேல் கருவிப் பயன்பாட்டோடு தொடர்புபடவில்லை என 2019இல் எழுதினர். எனவே எல்லாத் துன்பத்தையும் கைபேசியின் தலையில் சுமத்துவது நேர்மையன்று. ஆனால் மணிக்கணக்கு மட்டும் பார்த்தால், வாப்பாவோடு பேசிய ஒரு மணியும் நள்ளிரவில் தனியே உருட்டிய ஒரு மணியும் ஒன்றாகவே தோன்றும். தாய்க்கு அவை ஒன்றல்ல.

பறிப்பதைவிடக் கொடுப்பதே பயன் தரும் என்பதற்குச் சீனத்தின் குவாங்சோ நகரம் சான்று. அங்கே பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2015இல் வெளியாயிற்று. பாதிப் பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிட வெளிப்புற வகுப்பு ஒன்றைக் கூட்டினர். மூன்றாண்டுகளில் மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, இப்பள்ளிகளிலோ 30.4 சதவீதம்தான். எதையும் பறித்ததால் வந்த பயனன்று இது. பகல் வெளிச்சத்தைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுத்ததால் வந்தது.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று சொல்லாத வீடு நம்மிடையே இல்லை. அமானிதத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் பொறுப்பு முடிந்துவிடுமா? பொன் பூட்டிய பெட்டியிலும் பொன்னாகவே இருக்கும், பிள்ளை அப்படியல்லவே! கல்யாண வீட்டில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்தும் ஒருவர் முகம் ஒருவர் பாராமல் கைபேசியைப் பார்த்து உண்ணும் நாம், பிள்ளையிடம் மட்டும் "அதை வை" என்று அதட்டுகிறோம். நம் சொல்லை அவன் காது கேட்கிறது. நம் செயலைக் கண் படிக்கிறது.

எனவே தடையை நம்மிடமிருந்து தொடங்குவோம். மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் உறங்கும் வரையேனும் நம் கைபேசி அலமாரியில் இருக்கட்டும். "உம்மா, இங்கே பாருங்க" என்று பிள்ளை அழைக்கும்போது, முதல் அழைப்பிலேயே முகத்தைத் திருப்புவோம். அதன் பின்னர் "போதும்" என்று சொல்லும் உரிமை நமக்கு வரும். அச்சொல்லைப் பிள்ளையும் கேட்கும்.