அத்தி பூக்காமலா காய்க்கிறது?



வருஷத்தில் ஒருமுறை, கர்த்தர் பிறந்த திருநாளன்று மாத்திரம் கோவில் வாசற்படி மிதிக்கிறவரைக் கண்டால், "என்ன, அத்தி பூத்தாற்போல் வந்திருக்கிறீர்!" என்று கேலி பேசுவது நம் வழக்கம். அத்தி பூத்ததைக் கண்டவர் யாருமில்லை. ஆகையால் அரிதான காரியத்துக்கெல்லாம் அது உவமானமாயிற்று. ஆனால் பூக்காத மரம் காய்ப்பது எப்படி? ஞானோபதேச வகுப்புப் பிள்ளை இப்படிக் கேட்டால், "வாயை மூடு" என்று அதட்டாதேயுங்கள். சர்வேசுரன் உண்டாக்கின உலகத்தைப்பற்றி உண்மையை அறியக் கேட்கும் கேள்வி எதுவும் அவருக்கு விரோதமானதல்ல.

தாவர சாஸ்திரிகள் சொல்லும் விடை இது. அத்தி பூக்கத்தான் செய்கிறது. நாம் இளங்காய் என்று நினைக்கிறோமே, அதுவே பூக்கள் நிறைந்த ஒரு பை. அதற்குள்ளே எண்ணற்ற நுண்ணிய பூக்கள் உள்முகமாய் மலர்ந்திருக்கின்றன. அதன் நுனியில் ஊசிக்கண் போன்ற ஒரு துவாரம். அதையும் சிறு செதில்கள் அடைத்துக் கொண்டிருக்கின்றன. தேனீயோ வண்ணத்துப்பூச்சியோ அதற்குள் நுழைய முடியாது.

நுழையக் கூடியது ஒன்றுண்டு. அது சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவி. பெண் குளவி அந்தத் துவாரத்தில் நெருக்கிப் புகும்போது அதன் சிறகுகள் பிய்ந்து போகின்றன. உள்ளே இருட்டில் பூவுக்குப் பூ சென்று, தான் சுமந்து வந்த மகரந்தத்தைச் சேர்க்கிறது. சில பூக்களில் முட்டையிடுகிறது. அங்கேயே மடிந்து போகிறது. முட்டையிட்ட பூக்கள் குஞ்சுகளுக்குத் தொட்டிலாகின்றன. மற்றப் பூக்களில் விதை பிடிக்கிறது. பிறகு பிறக்கும் ஆண் குளவிகளுக்குச் சிறகே கிடையாது. அவை பெண் குளவிகள் வெளியேறுவதற்கு வழி குடைந்து கொடுத்துவிட்டுச் சாகின்றன. பெண் குளவிகளோ மகரந்தத்தை ஏந்திக்கொண்டு வேறொரு அத்தியைத் தேடிப் பறக்கின்றன. அவைகளுக்கு உள்ள ஆயுசு ஓரிரு நாள்தான்!

ஆலும் அரசும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. உலகத்தில் இவ்வகை மரங்கள் 700க்கு மேல் உண்டு. பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. துருக்கி தேசத்து ஸ்மிர்னா அத்தியை 1880க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நட்டார்கள். மரங்கள் தழைத்தன, காய்களோ பழுக்காமல் உதிர்ந்தன. 1899ஆம் ஆண்டில் அதற்குரிய குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகே காய் நிலைத்தது. தோட்டக்காரரின் பணத்தாலும் பாடுபட்டாலும் ஆகாததை ஒரு சிறு பூச்சி செய்து முடித்தது.

இனி, அத்தியைப்பற்றி நம்மவர் சொல்லும் மற்றொரு பேச்சையும் கவனியுங்கள். அழகான அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பூச்சியும் புழுவுந்தான் என்று இழிவாகச் சொல்லுவதுண்டு. ஆனால் அப்படிப்பட்ட பூச்சி தன் உயிரைக் கொடுத்திராவிட்டால் அந்தப் பழமே உண்டாயிராது. ஆக, வெளியே பார்த்தவன் பூ இல்லை என்றான்; உள்ளே பார்த்தவன் புழு என்றான். இருவரும் கண்டதைத்தான் சொன்னார்கள்; ஆனால் இருவர் தீர்ப்பும் தவறு.

பிறரைக் குறித்து நாம் செய்யும் தீர்ப்புகளும் இப்படிப்பட்டவை அல்லவா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்த்து, காலையில் வந்து படுத்துக் கிடக்கும் வாலிபனைச் சோம்பேறி என்கிறோம். அவன் சம்பளத்தில் படிக்கும் தங்கைகளை நாம் எண்ணுவதில்லை. பக்தி சபைக் கூட்டத்துக்கு வராத மருமகளைக் குறை கூறுகிறோம். படுக்கையிலிருக்கும் மாமியாருக்கு இரவில் மூன்று முறை எழுந்து பணிவிடை செய்கிறவள் அவள் என்பது நமக்குத் தெரியாது. பெண்ணைப்பற்றி விசாரிக்க வந்தவர்களிடம் வாசலில் நின்று சொன்ன ஒரே சொல்லால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. சொன்னவர் மறந்துவிடுவார்; அந்தக் குடும்பம் மறக்குமா? எட்டாம் கற்பனை பொய்யை மட்டுமல்ல, வீண் சந்தேகத்தையும் புறணியையும் விலக்குகிறது.

நத்தானியேல், நாசரேத்தூரிலிருந்து நன்மை வருமா என்று கேட்டவர். அவரையோ ஆண்டவர், ஒருவரும் அறியாதபடி அத்திமரத்தின்கீழ் இருந்தபோதே கண்டதாகச் சொன்னார். சக்கேயு ஏறியதும் காட்டத்தி மரமே. ஜனங்கள் அவனைப் பாவி என்று முறுமுறுத்தார்கள். சேசுநாதரோ அவன் வீட்டுக்கே விருந்தாளியாய்ப் போனார். மறைந்திருக்கும் பூவை அவர் காண்கிறார்.

ஆனால் இதைச் சாக்காக வைத்து, "என் பக்தி உள்ளே இருக்கிறது, பூசைக்கு வரவேண்டியதில்லை" என்று ஒருவரும் சொல்ல வேண்டாம். மறைவான பூவைக் காண்கிறவர் கனியில்லாத கிளையையும் காண்கிறார். மூன்று வருஷம் காய்க்காத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்டான். சும்மா இருக்க அல்ல, கொத்தி எருப்போடுவதற்காக. அத்தியின் பூ மறைந்திருக்கலாம், கனி மறைந்திருப்பதில்லை. மற்ற மரங்களில் பழமில்லாத காலத்திலும் பறவைக்கும் வௌவாலுக்கும் அது ஆகாரம் கொடுக்கிறது.

ஆகையால் இந்த வாரத்துக்கு இரண்டு பிரதிக்கினை செய்வோம். பிறன் குறையைச் சொல்ல வாயெடுக்கும்போது, "அவனுக்குள் இருப்பது எனக்குத் தெரியுமா?" என்று ஒருதரம் நம்மையே கேட்டுக்கொள்வோம். வலதுகை செய்வதை இடதுகை அறியாதபடி, ஓர் ஏழைக்காவது நோயாளிக்காவது ஒரு நன்மை செய்துவிட்டு, அதை ஒருவரிடமும் சொல்லாதிருப்போம். அந்தரங்கத்தில் காண்கிற பரமபிதா அதைக் காண்பார். அதுவே போதும். ஆமென்.